கோவிலுக்குள் ஒரு வகுப்பறை கேட்ட மாணவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

தவக்காலம் வந்தால் இப்போது பல பங்குகளில் வாரம் ஒருவரை வெளியிலிருந்து அழைத்துப் பேச வைக்கிறார்கள். ஒரு வாரம் மருத்துவர், மறுவாரம் வழக்கறிஞர், அதற்கடுத்து ஒரு செவிலியர். "சாமியார் இருக்கும்போது வெளியாள் எதற்கு?" என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் நம் உறவிலேயே உண்டு. நேற்று முளைத்த பழக்கம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்காகவே பாரீஸ் நகரத்தின் நோத்ர்தாம் பேராலயத்துக் கதையைச் சொல்கிறேன். அதைத் தொடங்கி வைத்தவர்கள் குருக்கள் அல்ல, கல்லூரி மாணவர்கள்.

1830இல் பிரான்சில் ஒரு புரட்சி. அரசரும் திருச்சபையும் ஒரே கட்சி என்று மக்கள் எண்ணியிருந்ததால் கோபம் கோவில்கள் மேலும் திரும்பியது. 1831 பிப்ரவரியில் ஒரு கூட்டம் புனித ஜெர்மேன் லோக்செருவா ஆலயத்தைச் சூறையாடியது. மறுநாள் நோத்ர்தாமை ஒட்டியிருந்த பேராயர் இல்லத்தையே நொறுக்கியது. (இந்த ஆலயத்தின் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.) அதே ஆண்டு லியோன் நகரிலிருந்து சட்டம் படிக்க ஒரு பையன் பாரீஸ் வந்து சேர்ந்தான். பெயர் பிரெடெரிக் ஓசானாம், வயது 18.

சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஜுஃப்ருவா என்ற தத்துவப் பேராசிரியர் கிறிஸ்தவ நம்பிக்கை காலாவதியாகிவிட்டது என்ற போக்கில் பாடம் நடத்தினார். ஓசானாமும் நண்பர்களும் கூச்சல் போடவில்லை, வகுப்பைப் புறக்கணிக்கவும் இல்லை. மறுப்பை எழுதிக் கொடுத்தார்கள். 41 வருடமாக யாரும் கேள்வி கேட்காத வகுப்பைக் கண்டால்தான் எனக்குப் பயம். அதனால் இந்தப் பையன்களை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

ஆனால் தாங்கள் மட்டும் பதில் சொன்னால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்தது. 1833இல் கையெழுத்துகள் திரட்டிக்கொண்டு பேராயர் கெலெனிடம் போனார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் போனார்கள். கேட்டது இதுதான்: வழக்கமான மறையுரை வேண்டாம், இந்தக் காலத்து இளைஞன் கேட்கும் கேள்விக்கு, அவனுக்குப் புரியும் மொழியில் நோத்ர்தாமில் உரைகள் வேண்டும். பேராயர் நல்ல மனிதர், ஆனால் எச்சரிக்கையானவர். 1834 தவக்காலத்துக்கு ஏழு போதகர்களை ஏற்பாடு செய்தார். பழைய பாணியிலேயே பேசினார்கள், எடுபடவில்லை.

மாணவர்கள் மனத்தில் இருந்தவர் லக்கோர்தேர். அவர் முதலில் வழக்கறிஞர். இளமையில் நம்பிக்கையை இழந்து, பிறகு திரும்பப் பெற்றுக் குருவானவர். பேராயர் தயங்கியதற்கும் காரணம் இருந்தது. லக்கோர்தேர் எழுதிவந்த 'லாவனீர்' பத்திரிகையின் கருத்துகளை 1832இல் போப்பாண்டவரே கண்டித்திருந்தார். அதற்கு முந்தைய வருடம், அரசாங்க அனுமதி இல்லாமல் பாரீசில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். இரண்டே நாளில் காவலர்கள் வந்து மூடினார்கள். அவருக்கும் நண்பர் மோன்தலம்பேருக்கும் 100 பிராங்க் அபராதம். நீதிமன்றத்தில் தொழில் என்ன என்று கேட்டபோது, பிரபு குலத்தில் பிறந்த மோன்தலம்பேர் பள்ளி ஆசிரியர் என்பதைத்தான் முதலில் சொன்னாராம். இதைப் படித்த அன்று நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்!

இன்னொரு விஷயம். 1833இல் புனித ரோக் ஆலயத்தில் லக்கோர்தேர் ஆற்றிய உரை படுதோல்வி. இவர் ஒருநாளும் போதகர் ஆகமாட்டார் என்று நண்பர்களே பேசிக்கொண்டார்கள். ஆனால் 1834இல் ஸ்தானிஸ்லாஸ் கல்லூரியில் மாணவர்கள் முன் பேசியபோது இடம் கொள்ளாத கூட்டம். புகார்கள் கிளம்பி அந்த உரைகள் பாதியில் நிறுத்தப்பட்டன. ஆள் அவர்தான், எதிரில் இருந்தவர்கள்தான் வேறு.

கடைசியில் பேராயர் மனம் இறங்கினார். 1835 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. 32 வயது லக்கோர்தேர் நோத்ர்தாமின் பிரசங்க மேடையில் ஏறினார். ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தார்கள், நம்பாதவர்கள் ஏராளம். "என் சகோதரரே" என்று தொடங்குவதுதான் மரபு. அவர் "கனவான்களே" என்றுதான் அழைத்தார். நீங்கள் நம்புகிறீர்கள் என்று நான் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவில்லை என்பது அதன் பொருள். மனிதனுக்குக் கற்பிக்க ஒரு திருச்சபை ஏன் வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்கினார். மாணவன் நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கு என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்வார்கள். அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மேடை இயேசு சபையின் ரவிஞான் கைக்கு வந்தது. அவர் துறவியாவதற்கு முன் நீதித்துறையில் இருந்தவர். லக்கோர்தேர் தொமினிக்கன் சபையில் சேர்ந்து, அந்தச் சபையைப் பிரான்சில் மறுபடி நிலைநாட்டி, 1841இல் அதன் வெள்ளை அங்கியிலேயே நோத்ர்தாமில் பேசினார். நடுவில் வந்த பலரை விட்டுவிடுகிறேன். ஆனால் 1946 முதல் 1955 வரை பேசிய மிஷேல் ரிக்கே அடிகளை விட முடியாது. நாஜிகளை எதிர்த்ததால் மவுத்தாசன், டாகாவ் வதை முகாம்களில் கிடந்து உயிரோடு திரும்பியவர். அப்படிப்பட்டவர் துன்பத்தைப் பற்றிப் பேசினால் யார் எழுந்து போவார்கள்?

2005இல் கர்தினால் லுஸ்திஜே இன்னொரு கதவைத் திறந்தார். நம்பிக்கைக்கும் இன்றைய சிந்தனைக்கும் இடையே உரையாடல் என்று வைத்து, துறவிகள் அல்லாத அறிஞர்களையும் அழைத்தார்கள். 2006இல் யூலியா கிறிஸ்தேவா வந்தார். பல்கேரியாவில் பிறந்த மொழியியலாளர், உளப்பகுப்பாய்வாளர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். துன்பத்தைப் பற்றித்தான் பேசினார். ரவிஞான் காலத்தில் ஆண்களுக்கென்றே தியானம் நடந்த அதே பேராலயம். நம் முணுமுணுப்புப் பெரியவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

2019 ஏப்ரல் 15, புனித வாரத்தின் திங்கட்கிழமை, நோத்ர்தாம் தீப்பிடித்தது. உரைகள் இடம் மாறின. எங்கே தெரியுமா? 1831இல் சூறையாடப்பட்ட அதே ஜெர்மேன் லோக்செருவா ஆலயத்துக்கு. 2024 டிசம்பரில்தான் பேராலயம் மீண்டும் திறந்தது.

ஓசானாம் என்ன ஆனார்? மாணவர் விவாத மன்றத்தில் ஒருவன், "பேசுகிறீர்கள் சரி, செய்வது என்ன?" என்று குத்திக் கேட்டான். முந்தைய ஆண்டுதான் காலரா பாரீசில் சுமார் 18,000 பேரைக் கொண்டுபோயிருந்தது. 1833 ஏப்ரல் 23, தன் 20ஆம் பிறந்தநாளில், ஓசானாம் சில நண்பர்களோடு ஏழைகளின் வீடு தேடிப் போகும் ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். நம் பங்குகளில் ஞாயிறு தோறும் கூடும் வின்சென்ட் தே பவுல் சபை அதுதான். அதன் கிளைகளைக் 'கான்பரன்ஸ்' என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் அந்த மாணவர் மன்றத்திலிருந்து வந்தது. பிற்பாடு சொர்போனிலேயே பேராசிரியராகி, 40 வயதில் இறந்துபோனார். 1997இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது நோத்ர்தாமில்தான்.

சரி, இந்த வருடம் உங்கள் பங்கில் யார் யார் வந்து பேசினார்கள்? கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன்.