செத்தவருக்கு 1923இல் சட்டம், உயிரோடு இருப்பவருக்கு 1996இல்

சாரம் சரிந்தது, மண் மூடியது, கரண்ட் அடித்தது. கட்டிட வேலையில் நடக்கும் சாவு செய்தித்தாளில் ஒரு வரியில் முடிந்துவிடும். ஊரில் கேட்டால் "அவன் விதி" என்பார்கள். விதி அல்ல தோழர்களே, இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இயந்திரத்துக்குத் தடுப்பு, குடிநீர், கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் எனப் பலவற்றைக் கட்டாயமாக்கியது. எல்லாம் ஆலைக்கு உள்ளே. அந்த ஆலைக் கட்டிடத்தை எழுப்பியவர்களுக்கு அதில் எதுவும் இல்லை.

அவர்களைச் சட்டம் பார்க்கவே இல்லையா? பார்த்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட கட்டிடங்களின் வேலையையும் சேர்த்துக்கொண்டது. அதாவது, விழுந்து செத்தால் குடும்பம் பணம் கேட்கலாம். விழாமல் காப்பது யார் பொறுப்பு என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அந்தப் பணமும் எளிதில் கிடைப்பதில்லை. ஆளைக் கூட்டி வந்தவர் மேஸ்திரி. வருகைப் பதிவேடு கிடையாது. முதலாளி யார் என்று நிரூபிப்பதிலேயே ஆண்டுகள் ஓடிவிடும்.

ஏன் இந்தத் தாமதம்? கல்லும் மண்ணும் சுமக்க வந்தவர்களில் கணிசமானோர் ஊரில் நிலம் மறுக்கப்பட்டுச் சேரியிலிருந்து கிளம்பியவர்கள். வாழ்நாள் முழுக்கச் சித்தாளாகவே இருக்கும் பெண்கள். அவர்கள் உடலை மலிவாக நினைக்கும் சாதிப் பழக்கம் வேலைத்தளத்திலும் தொடர்ந்தது என்பதே நம் பதில்.

சட்டம் தானாக இறங்கி வரவில்லை. தமிழ்நாட்டுக் கட்டிடத் தொழிலாளர்களின் போராட்டத்தால் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994இல் நல வாரியமும் வந்தன. 1985இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைமையில் தேசியப் பிரச்சாரக் குழு உருவாகி நாடாளுமன்றம் வரை போனது. அதன் பிறகே 1996இல் மத்தியச் சட்டம். சாரம், அகழ்வு, தலைக்கவசம், விபத்து அறிவிப்பு ஆகியவை அப்போதுதான் முதலாளியின் சட்டக் கடமை ஆயின. 1923க்கும் இதற்கும் இடையே 73 ஆண்டுகள்!

அதிலும் ஓட்டை உண்டு. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பாதுகாப்புக் குழுவோ 500 பேர் இருந்தால்தான். ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள் என்று நடக்கும் நம் தெரு வேலைகள் எந்தக் கணக்கில் வரும்?

கட்டிடச் செலவில் 1 முதல் 2 சதவீதம் நலவரி வசூலிக்கும் சட்டமும் 1996இல்தான் வந்தது. நாடு முழுவதும் ரூ.37,400 கோடிக்கு மேல் வசூலாகி, சுமார் ரூ.9,500 கோடிதான் செலவானது என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சாடியது. அதற்கு நான்காண்டு முன்பு, 2014 ஜூன் 28 அன்று, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் மாண்டனர். வேலை தேடி ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் பலர்.

1996 சட்டம் இன்று 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 10 பேர் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. அந்த வரம்பை நீக்கு என்பதே நம் முதல் கோரிக்கையாக வேண்டும். இனி ஒரு சாவு நடந்தால், நிவாரணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்போம்: சாரத்தைச் சோதித்தது யார்? விபத்தை அதிகாரிக்கு எழுத்தில் அறிவித்தார்களா? பதிவேட்டில் அவர் பெயர் இருந்ததா?