பணியிலிருப்போர்க்கான ஆட்சியியல் கல்வி: சென்னைக் கல்விச் சங்கம் முதல் முதுநிலைப் பாடநெறிகள் வரை

ஆய்வுச் சுருக்கம்

அரசுப் பணியில் இருந்துகொண்டே பொது ஆட்சியியலில் முதுநிலைக் கல்வி பெறும் வாய்ப்பு இந்தியாவில் எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அலுவலர்க்கான பயிற்சி அரசின் பொறுப்பிலும், ஆட்சியியல் என்னும் பாடத்துறை பல்கலைக்கழகங்களின் பொறுப்பிலும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. 1975, 2002 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய இரு பாடநெறிகள் அவ்விரண்டையும் இணைத்தன. அவ்விணைப்பு உயர்நிலை அலுவலரை முன்னிறுத்தியதாகவும் ஆங்கிலவழிப்பட்டதாகவும் அமைந்தமையால், மக்களின் மொழியில் அன்றாட ஆட்சியை நடத்தும் ஊழியர் அதற்குப் புறத்தே நின்றனர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பொது நிர்வாகவியல், பணியிடைப் பயிற்சி, முதுநிலைக் கல்வி, சென்னைக் கல்விச் சங்கம், இந்தியப் பொது நிர்வாக நிறுவனம், ஆட்சிமொழி.

முன்னுரை

அலுவலர் ஒருவர் பெறும் கல்வியைப் பயிற்சி, பட்டம் என இரண்டாகப் பகுத்துக் காணலாம். பயிற்சியைப் பணியமர்த்தியவர் வழங்குகிறார். அதன் பொருளையும் கால அளவையும் அவரே முடிவு செய்கிறார். ஓர் ஆணையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதே அதன் மையம். பட்டம் பயின்றவருக்கு உரியது. பணியிடம் மாறினும் அவருடன் செல்வது. அவ்வாணை ஏன் அவ்வாறு அமைந்தது, அதனால் பயன்பெற்றோர் யாவர், விடுபட்டோர் யாவர் என்று வினவும் உரிமையையும் அது தருகிறது. பணியில் இருப்போர்க்கான முதுநிலைப் பாடநெறி இவ்விரண்டையும் ஒருவரிடத்தே சேர்க்க முயல்வது. ஆகவே அதன் வரலாற்றைக் கல்வி நிறுவனங்களின் வரலாறாக மட்டும் காணுதல் போதாது. ஆட்சியைப் பற்றிச் சிந்திக்கும் தகுதி யாருக்கு உண்டு என்று அரசு கருதியது என்பதையும் அவ்வரலாறு புலப்படுத்துகிறது.

மொழியே ஆட்சிக் கல்வியாக இருந்த காலம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அலுவலர்க்கு முறையான கல்வி தேவை என்னும் எண்ணத்தின் விளைவாக, 1800ஆம் ஆண்டு வெல்லெஸ்லி கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரியைக் கம்பெனி இயக்குநர்கள் அவர் விரும்பிய அளவில் ஏற்கவில்லை. 1806இல் இங்கிலாந்திலேயே கிழக்கிந்தியக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1809இல் அது ஹெய்லிபரிக்கு இடம்பெயர்ந்தது. அங்கு வரலாற்றையும் அரசியல் பொருளாதாரத்தையும் கற்பித்தவர் மால்தஸ்.

ஹெய்லிபரியில் பயின்று சென்னைக்கு வந்தோர் மீண்டும் மாணவராயினர். 1812இல் எல்லிஸின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, அதாவது சென்னைக் கல்விச் சங்கம், உருவானது. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளை இளம் அலுவலர் அங்குக் கற்றனர். முத்துசாமிப் பிள்ளை, தாண்டவராய முதலியார் போன்ற அறிஞர்கள் அதில் பணியாற்றினர். நாட்டவரான மொழியாசிரியர்க்கும் சட்ட அலுவலர்க்கும் அங்கேயே கல்வி அளிக்கப்பெற்றது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்னும் எல்லிஸின் கருத்து 1816இல் வெளிவந்ததற்கும் இச்சூழலே பின்புலமாயிற்று.

இங்கு ஒரு கூறு நோக்கத்தக்கது. கம்பெனியின் நோக்கம் வரி தண்டுதலும் அதிகாரத்தை நிலைநிறுத்துதலுமே என்பதில் ஐயமில்லை. எனினும் ஆளப்படுவோரின் மொழியை அறியாமல் ஆட்சி இயலாது என்பதை அது ஏற்றிருந்தது. கோட்பாட்டுக் கல்வி இங்கிலாந்திலும் மொழிக் கல்வி சென்னையிலும் எனப் பிரிந்திருந்தாலும், இரண்டும் ஒரே அலுவலரின் கல்வியாகக் கருதப்பட்டன.

தேர்வும் பாடத்துறையும்

1854ஆம் ஆண்டு மெக்காலே குழுவின் அறிக்கை வெளிவந்தது. மறு ஆண்டு இலண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. 1858இல் ஹெய்லிபரிக் கல்லூரி மூடப்பெற்றது. சென்னைக் கல்விச் சங்கமோ அதற்கு முன்பே, 1854இல், முடிவுக்கு வந்திருந்தது. பொதுக் கல்வியில் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்தால் போதும், ஆட்சித் தொழிலை அவர் பணியிலேயே கற்றுக்கொள்வார் என்பது புதிய முறையின் அடிப்படை. எழுத்தர் முதலியோர்க்குத் துறைத் தேர்வுகள் ஏற்பட்டன. விதிகளையும் நடைமுறை நூல்களையும் அறிந்திருத்தலே அவற்றின் அளவுகோல்.

இதே நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வேறொரு போக்குத் தோன்றியது. ஆட்சி நடைமுறை தனித்து ஆராயத்தக்க துறை என்று 1887இல் உட்ரோ வில்சன் எழுதினார். நியூயார்க் நகராட்சி ஆய்வு அமைப்பு 1911இல் பொதுப்பணிக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அப்பயிற்சி மரபை ஏற்று, 1924இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் பள்ளி உருவானது. நகராட்சி அலுவலகத்தில் பிறந்த கல்வி பல்கலைக்கழகப் பட்டமாக உயர்ந்தது இவ்வழியில்தான்.

இந்தியாவில் அப்பாடத்துறை மெல்லவே வேரூன்றியது. 1930இல் இலக்னோ பல்கலைக்கழகம் அரசியல் அறிவியல் முதுகலையில் பொது நிர்வாகத்தை ஒரு தாளாகச் சேர்த்தது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகம் பொது நிர்வாகத்தில் பட்டய வகுப்பைத் தொடங்கியது. 1949-50இல் நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்துக்கும் உள்ளாட்சிக்கும் தனித்துறை அமைந்தது. இவை யாவும் பெரும்பாலும் பணிக்குச் செல்ல விரும்பும் இளைஞரையே நோக்கின. பின்னாளில், 1987இல், குடிமைப் பணித் தேர்வில் பொது நிர்வாகம் தனி விருப்பப் பாடமானபோது இப்போக்கு மேலும் வலுப்பெற்றது. ஆட்சியியல், பணிக்குள் நுழைவதற்கான வாயிலாகப் பயன்பட்டது; பணியில் இருப்பவர் தம் பட்டறிவை மீளாய்வு செய்யும் கருவியாகவில்லை.

ஆப்பிள்பி அறிக்கையும் அதன் பின்னும்

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. ஐந்தாண்டுத் திட்டங்களைச் செயற்படுத்த வேண்டிய அரசுக்குச் சட்டம் ஒழுங்கும் வரிதண்டலும் மட்டும் அறிந்த அலுவலர் போதவில்லை. 1951இல் கோர்வாலாவின் அறிக்கையும், 1953இல் பால் ஆப்பிள்பியின் அறிக்கையும் வெளிவந்தன. ஆப்பிள்பி அப்போது மேக்ஸ்வெல் பள்ளியின் தலைவர். ஃபோர்டு அறக்கட்டளையின் ஆலோசகராக இந்தியாவுக்கு வந்தவர். அவருடைய பரிந்துரையை ஒட்டி 1954 மார்ச்சு 29ஆம் நாள் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் புதுதில்லியில் பதிவு செய்யப்பெற்றது. அதன் ஆய்விதழ் 1955 முதல் வெளிவருகிறது.

நிர்வாகப் பணியாளர் கல்லூரி 1956இல் ஐதராபாத்திலும், தேசிய நிர்வாகக் கழகம் 1959இல் முசோரியிலும் அமைந்தன. அரசு, பொதுத்துறை, தனியார் துறை ஆகியவற்றின் மேலாளர்களை ஒருங்கே அமர்த்திக் கலந்துரையாடச் செய்தது முன்னது. புதிதாகத் தேர்வு பெற்றோர்க்கு அடிப்படைப் பயிற்சி அளித்தது பின்னது. பத்து, இருபது ஆண்டுகள் பணியாற்றிய அலுவலர் நீண்ட காலம் அமர்ந்து பயின்று ஆய்வேடு எழுதும் வாய்ப்பு இவற்றுள் எதன் மைய நோக்கமாகவும் இல்லை.

பயிற்சியும் பட்டமும் இணைந்த இரு நிகழ்வுகள்

அவ்விடைவெளியை நிரப்பும் முதல் முயற்சியாக, 1975இல் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் உயர்நிலை அலுவலர்க்கான பொது நிர்வாக மேம்பாட்டுப் பாடநெறியைத் தொடங்கியது. குடிமைப் பணியினரும் முப்படை அலுவலரும் ஒரே வகுப்பில் பயின்றனர். ஊரகக் களப்பயணமும் நகர்ப்புறக் களப்பயணமும் ஆய்வேடும் அதன் உறுப்புகள். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வியல் நிறைஞர் பட்டம் அதனோடு இணைக்கப்பெற்றது. பயிற்சியைத் தந்த நிறுவனமும் பட்டத்தைத் தந்த பல்கலைக்கழகமும் வேறு வேறாக இருந்தமை, இரு மரபுகளும் அதுவரை பிரிந்தே வளர்ந்தமைக்குச் சான்று.

இரண்டாம் நிகழ்வு 2002இல் பெங்களூர் இந்திய மேலாண்மை நிறுவனத்தில் தொடங்கிய பொதுக் கொள்கை, மேலாண்மை முதுநிலைப் பாடநெறி. மத்திய அரசின் பணியாளர், பயிற்சித் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் அதற்குத் துணைநின்றன. பயில்வோர் சிறிது காலம் மேக்ஸ்வெல் பள்ளிக்கும் அனுப்பப்பெற்றனர். ஆப்பிள்பி எங்கிருந்து வந்தாரோ அங்கேயே அரை நூற்றாண்டுக்குப் பின் இந்திய அலுவலர் மாணவராகச் சென்றனர். பின்னர் இப்பாடநெறி அரசுக்கு வெளியே பணியாற்றுவோர்க்கும் திறக்கப்பெற்றது. பட்டம் வழங்கும் அதிகாரம் மேலாண்மை நிறுவனங்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தபோதே கிடைத்தது. அதுவரை அவை வழங்கியது முதுநிலைப் பட்டயமே.

இவ்விரு பாடநெறிகளின் சிறப்பு, பட்டறிவை ஆய்வுப் பொருளாக்கியமை. மாவட்டத்தில் தாம் செயற்படுத்திய திட்டம் ஏன் தோல்வியுற்றது என்பதை அலுவலர் ஒருவர் சான்றுகளுடன் எழுதும்போது, கோப்பில் இடம்பெறாத செய்தி அறிவாகப் பதிவாகிறது. எனினும் சேர்க்கை பெரிதும் அரசின் பரிந்துரையையும் நிதியையும் சார்ந்திருந்தது. யார் பயில வேண்டும் என்பதை மேலிடம் முடிவு செய்யும்வரை, பட்டத்துக்குள்ளும் பயிற்சியின் இயல்பு தொடர்கிறது எனலாம்.

அஞ்சல்வழி வந்த மூன்றாம் மரபு

மேற்கண்ட பாடநெறிகள் உயர் அலுவலர்க்கு உரியனவாக இருந்த காலத்தில், தமிழகத்தின் எழுத்தரும் உதவியாளரும் வேறு வழியை நாடினர். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் 2002இலும் ஏற்பட்டன. இங்குச் சேர மேலதிகாரியின் நியமனம் வேண்டியதில்லை. ஊதியத்திலிருந்து கட்டணம் செலுத்தி, அலுவலகம் முடிந்தபின் படித்து, விடுமுறை நாளில் நேர்முக வகுப்புக்குச் செல்லும் ஊழியரே இம்மரபின் மாணவர்.

ஆனால் இங்குப் பட்டறிவுக்கு இடம் குறைவு. இளநிலைப் பட்டம் பெற்ற எவரும் எழுதும் அதே வினாத்தாளையே இருபதாண்டு வருவாய்த் துறையில் பணியாற்றியவரும் எழுதுகிறார். பவானிசாகரில் அவர் பெற்ற அடிப்படைப் பயிற்சியும் தேர்ச்சி பெற்ற துறைத் தேர்வுகளும் பட்டக் கல்வியில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. உயர் அலுவலர்க்குப் பட்டறிவை ஆராயும் வாய்ப்புக் கிடைத்தது, தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கவில்லை. எழுத்தருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது, பட்டறிவை ஆராயும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மொழியின் இடம்

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியானது. தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசு நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பணிக்குள் நுழையும் இடத்தில் தமிழுக்கு இடம் உண்டு, கோப்பிலும் உண்டு. பணியின் இடையே ஆட்சியை ஆராயும் உயர்கல்வியில் அவ்விடம் மிகக் குறுகியது. நில ஆவணம், நத்தம், பட்டா மாறுதல், சிட்டா, அடங்கல் என ஊழியர் அன்றாடம் கையாளும் சொற்களுக்குள் இரு நூற்றாண்டு ஆட்சி வரலாறு அடங்கியுள்ளது. அவற்றை ஆராய்வதற்கு அவற்றை நன்கறிந்தவரே ஆங்கிலத்தின் துணையை நாட வேண்டியிருக்கிறது. அயலவரான அலுவலருக்குத் தமிழ் கற்பிக்கத் தனி நிறுவனம் கண்ட அதே சென்னையில், தமிழில் ஆளும் ஊழியருக்குத் தமிழில் ஆட்சியியலை ஆராயும் பணியிடை முதுநிலைக் கல்வி வலுவாக உருவாகவில்லை என்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. சென்னைக் கல்விச் சங்கக் காலத்தில் ஆட்சிக் கல்வியின் உறுப்பாக இருந்த மக்கள் மொழி, பிற்கால முதுநிலைப் பாடநெறிகளில் அவ்விடத்தை இழந்தது.

2. போட்டித் தேர்வு முறை வந்தபின் பயிற்சியும் பாடத்துறையும் தனித்தனியே வளர்ந்தன. 1975, 2002 ஆகிய ஆண்டுகளின் பாடநெறிகளே அவற்றை இணைத்தன.

3. அவ்விணைப்பின் பயன் உயர்நிலை அலுவலர்க்கே முதன்மையாகக் கிட்டியது. ஏனையோர்க்குத் தொலைநிலைக் கல்வி வாயில் திறந்தது. ஆயினும் அவர்தம் பட்டறிவை அது ஆய்வுப் பொருளாக ஏற்கவில்லை.

இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2008ஆம் ஆண்டு அறிக்கையில், பொது நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம் வழங்கும் தேசிய நிறுவனங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது பணிக்கு வரவிருப்போரை நோக்கிய பரிந்துரை. ஏற்கெனவே பணியில் இருப்போரைப் பொறுத்தவரை, துறைத் தேர்வுகளையும் பணியனுபவத்தையும் மதிப்பலகாக ஏற்பதும், களப்பணி சார்ந்த ஆய்வேட்டைத் தமிழில் எழுத இசைவளிப்பதும் பல்கலைக்கழகங்களால் இயலக்கூடியவை. அவ்வாறு அமையுமாயின், வட்டாட்சியர் அலுவலகத்தின் பட்டறிவு ஓய்வுபெறும் ஊழியரோடு மறைந்துபோகாமல் தமிழ் ஆய்வுலகின் உடைமையாகும்.