கல்முனையில் வீடு வாங்குமுன்: யார் யார் கையொப்பமிட வேண்டும்?

கல்முனையில் காணி விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் முதலில் ஊரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் உள்ள ஒடுங்கிய நிலத்தில்தான் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எல்லாமே அடங்குகின்றன. 2004 சுனாமியை நினைத்துக் கடலோரத்தில் வாங்கத் தயங்குபவர்கள் இன்றும் உண்டு. வயலை நிரப்பிக் கட்டுவதற்கோ 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்து மூல அனுமதி தேவை. ஆகவே விற்பனைக்கு வரும் காணி குறைவு. கேட்பவர்கள் அதிகம், ஏனென்றால் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்ற வழக்கம் இங்கு இன்னும் மாறவில்லை. வாப்பாவின் கட்டார் உழைப்பும் உம்மாவின் நகையும் பேர்ச் கணக்கில் இதற்குள்தான் போகின்றன. (இது சரியா என்பது வேறு கட்டுரைக்குரியது.)

பிரதான வீதியில் ஒரு விலை, ஓட்டோ நுழையாத ஒழுங்கையில் இன்னொரு விலை. தரகரை மட்டும் நம்பாமல், அதே ஒழுங்கையில் கடைசியாக விற்ற காணி என்ன விலைக்குப் போனது என்று அயலவரிடம் விசாரித்தால் பாதி தெளிவு கிடைக்கும்.

விலையில் ஏமாந்தால் சில இலட்சம் போகும். கையொப்பத்தில் ஏமாந்தால் வீடே போகலாம்.

சீதன வீடு பல குடும்பங்களில் வாய்ச்சொல்லால் மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கும். மகள் 20 வருடமாக அங்கே வாழ்வார், மருமகன் மேல்மாடியும் கட்டியிருப்பார், உறுதி மட்டும் வாப்பாவின் பெயரில் இருக்கும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதிய உறுதி வேண்டும். அது இல்லாமல் வாப்பா மௌத்தானால் வீடு வாரிசுகள் எல்லோருக்கும் உரியதாகிவிடும். அவருக்கு மனைவி, 2 ஆண் பிள்ளைகள், 3 பெண் பிள்ளைகள் என்றும், பெற்றோர் முன்னரே மௌத்தானவர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சொத்து 8 பங்காகும்: மனைவிக்கு 1, ஆண்களுக்குத் தலா 2, பெண்களுக்குத் தலா 1. 16 பேர்ச் காணியில் அந்த மகளின் உரிமை 2 பேர்ச் அளவுதான். அவர் மட்டும் எழுதித் தந்தால் முழு விலை கொடுத்தவருக்குக் கிடைப்பதும் அதே பிரிக்கப்படாத பங்குதான்.

எனவே ஆறு பேரும் கையொப்பமிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். 18 வயது நிரம்பாத வாரிசு இருந்தால் நீதிமன்ற அனுமதியின்றி அவரது பங்கை வாங்கக் கூடாது.

நன்கொடை உறுதி இருந்தால் நிம்மதி என்று எண்ண வேண்டாம், அதை முழுதாக வாசியுங்கள். பெற்றோர் தமக்குச் சீவிய உரித்து வைத்திருந்தால் அவர்களும் விற்பனை உறுதியில் ஒப்பமிட வேண்டும். அப்படியான நிபந்தனை ஏதும் இல்லாத நன்கொடையென்றால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்படாத நன்கொடை அவ்வாறு கருதப்படாது என்கிறது 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம்.

சிலர் காட்டுவது உறுதியே அல்ல, பேர்மிட். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கொடுப்பதற்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை.

முற்பணம் கொடுக்குமுன் சட்டத்தரணி மூலம் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைப் பாருங்கள். பழைய ஈடும் நிலுவையிலுள்ள வழக்கும் பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும். "கிழக்கே தென்னை மரம்" என்று எல்லை சொல்லும் உறுதியென்றால், அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளக்க வேண்டும். தென்னை எப்போதோ விழுந்திருக்கும்.

முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 50 இலட்ச ரூபா வீட்டுக்கு அது 199,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் வேறு. இரண்டையும் வாங்குபவரே கொடுப்பது வழக்கம் என்பதால், விலை பேசும்போதே இந்தத் தொகையை ஒதுக்கிவிட வேண்டும்.