கணவர் ஐசியுவில், கடன்காரர் வாசலில்: யார் கையெழுத்து போடறது?

"டாக்டர், ஒரு கைநாட்டு மட்டும் வாங்கிக்கறோம்." ஐசியு வாசல்ல ஸ்டாம்ப் பேடோட நின்னு இப்படிக் கேக்கறவங்களை எந்த ஊர் டாக்டரும் பார்த்திருப்பார். உள்ளே நோயாளி வெண்டிலேட்டர்ல, நினைவு இல்லை. வெளியே மனைவி கையில பேங்க் பேப்பர்.

அந்தக் கைநாட்டு செல்லாது. 1872 ஒப்பந்தச் சட்டப்படி, தான் என்ன செய்யறோம்னு புரிஞ்சு முடிவெடுக்க முடியாத நிலையில செய்யற ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை. பின்னாடி பங்காளி யாராவது கேஸ் போட்டா மோசடின்னு அந்தம்மா மேலேயே திரும்பும். அதனால நாங்க முடியாதுன்னு சொல்லிடறோம். சரி, அப்போ அவங்க என்னதான் பண்றது? இதுக்குப் பின்னாடி ஒரு நீண்ட வரலாறு இருக்கு. (நான் வக்கீல் இல்லை. உங்க கேஸுக்கு வக்கீலைப் பாருங்க.)

எங்க திருவண்ணாமலை மாதிரி ஊர்ல கடன் இல்லாத வியாபாரம் குறைவு. தீபத்துக்கு முன்னாடி கடனுக்குச் சரக்கு எடுத்து, கூட்டம் முடிஞ்சதும் அடைக்கிற மாட வீதிக் கடைக்காரர், தண்டல்ல ஓடற பூக்கடை, தவணையில வாங்கின ஆட்டோ. அந்த மனுஷன் பக்கவாதத்துல விழுந்து, இங்கிருந்து வேலூர், ஜிப்மர்னு அலையறப்போ, யாருக்கு எவ்வளவு தரணும்னுகூட வீட்டம்மாவுக்குத் தெரியாது.

அவங்க மனசுல ரெண்டு கேள்வி. அவர் வாங்கின கடன் என் தலையில விழுமா? அவர் சொத்தை வச்சு நான் அந்தக் கடனை அடைக்கலாமா?

முதல் கேள்விக்கு சுமார் 1500 வருஷம் முன்னாடியே பதில் எழுதிட்டாங்க. கணவன் வாங்கின கடனை மனைவி கட்ட வேண்டியதில்லைன்னு யாக்ஞவல்கிய ஸ்மிருதி சொல்லுது. விதிவிலக்கு மூணு: அவளே ஒத்துக்கிட்ட கடன், ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது, அவளே வாங்கினது. சுவாரஸ்யம் என்னன்னா, இடையர், கள் விற்பவர், கூத்தாடி, வண்ணார், வேடர் வீடுகள்ல மனைவி வாங்கின கடனைக் கணவன் கட்டணும். அந்தக் குடும்பங்களோட பிழைப்பே பெண்கள் உழைப்பாலதான்னு காரணமும் சொல்லியிருக்கு!

அதே நூல்ல கசப்பான இடமும் உண்டு. மனைவியோட ஸ்திரீதனத்தைக் கணவன் எடுத்துக்கிட்டா திருப்பித் தரணும். ஆனா பஞ்சம், தர்ம காரியம், நோய், சிறைவாசம், இந்த நாலு சமயத்துல எடுத்ததைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நோய்னு வந்தா மனைவி நகைதான் முதல்ல போகும்னு அன்னிக்கே எழுதி வச்சிருக்காங்க. இந்த ஸ்மிருதிக்கு விஞ்ஞானேஸ்வரர் எழுதின மிதாக்ஷரா உரையைத்தான் பிரிட்டிஷ் கோர்ட்டுகள் நம்ம பக்கத்து இந்துக்களுக்குச் சட்டமா வச்சுக்கிட்டு நடந்தன.

மகன் கதை வேற. அப்பா கடனை அடைக்கறது மகனோட புண்ணியக் கடமைன்னு கோர்ட்டே வசூல் பண்ணிக் கொடுத்தது. அந்த விதி போனது ரொம்பப் பிந்தி, 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்துல. 2005 செப்டம்பர் 9-க்கு அப்புறம் வாங்கின கடனுக்கு, அந்தக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகனைக் கேக்க முடியாது.

ஆக இன்னிக்கும் மனைவிங்கற ஒரே காரணத்துக்காகக் கடன் உங்க மேல வராது. கணவர் இறந்துட்டா, அவர்கிட்டேயிருந்து உங்களுக்கு வந்த சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு. ஆனா இணைக் கடன்தாரர், ஜாமீன்தாரர்னு நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா முழுக்கடனுக்கும் உங்களைக் கேக்கலாம். பழைய ஸ்மிருதியோட 'ஒத்துக்கிட்ட கடன்' இன்னிக்கு லோன் பேப்பர் கடைசிப் பக்கத்துல உக்காந்திருக்கு.

இப்போ ரெண்டாவது கேள்வி. சொத்து இருக்கு, ஆனா அவர் பேர்ல. பல சமயம் மனைவியோட நகையே அவர் பேர்ல அடகு இருக்கும். மீட்கணும்னா அவர் கையெழுத்து வேணும்.

"முன்னாடியே பவர் எழுதிக் கொடுத்திருக்கார் டாக்டர்" என்பாங்க. அங்கேதான் இடி. அதே 1872 சட்டம், பிரிவு 201: எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிஞ்சுபோச்சு. எந்த நாளுக்காக எழுதினாரோ, அந்த நாள்ல அது வெறும் காகிதம். நமக்கு இந்த விதியைக் கொடுத்த இங்கிலாந்து 1985-லேயே, நினைவு தவறின பிறகும் செல்லுபடியாகிற பவருக்குத் தனிச் சட்டம் போட்டுக்கிச்சு. நாம இன்னும் போடல.

வேற கதவு ஏதும் இல்லையான்னா, ஒண்ணு இருந்தது. 1858-லேயே, சித்தம் கலங்கினவர் சொத்தைப் பார்த்துக்க மாவட்டக் கோர்ட் மேலாளரை நியமிக்கலாம்னு சட்டம் வந்தது. 1912 சட்டத்துலயும், 1987 மனநலச் சட்டத்துலயும் அது தொடர்ந்தது. கோமாவை மனசுல வச்சு எழுதினது இல்லைதான், ஆனாலும் மாவட்டத் தலைநகர்ல தட்டறதுக்கு ஒரு கதவு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியோட உரிமையை மையமா வச்சு வந்த நல்ல சட்டம். அதுல நியமனப் பிரதிநிதி உண்டு, ஆனா சிகிச்சை முடிவுகளுக்கு மட்டும்தான். சொத்து மேலாளர் அத்தியாயம் காணாமப் போச்சு. 1890 காப்பாளர் சட்டம் சிறார்களுக்கு மட்டும். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டமோ ஆட்டிசம், மூளை வாதம் மாதிரி சில நிலைகளுக்கு. கோமாவுல இருக்கிற பெரியவருக்கு எதுவும் இல்லை.

அந்த ஓட்டையை ஹைகோர்ட்டுகள்தான் அடைக்குது. அரசியல் சாசனம் 226-வது பிரிவை வச்சு, தன்னைக் காத்துக்க முடியாதவருக்குக் கோர்ட்டே பெற்றோர் ஸ்தானம்ங்கற கொள்கைப்படி. 2019-ல கேரள ஹைகோர்ட் கோமா நோயாளிகளுக்குக் காப்பாளர் நியமிக்கறதுக்கு வழிமுறையே வகுத்தது: மருத்துவக் குழு பரிசோதனை, வருவாய்த்துறை விசாரணை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு.

2024-ல நம்ம சென்னை ஹைகோர்ட்ல ஒரு கேஸ். கோமாவுல இருக்கிற கணவரோட சொத்தை, சிகிச்சைக்காகவும் குடும்பத்துக்காகவும் விற்கணும்னு மனைவி கேட்டாங்க. தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிட்டார். மேல்முறையீட்டுல நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு அவங்களையே காப்பாளரா நியமிச்சு அனுமதி கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: 50 லட்சம் ரூபாயைக் கணவர் பேர்ல வைப்பு நிதியாப் போடணும், வட்டியை மனைவி எடுத்துக்கலாம். அவர் பங்கு காலியாகிடக் கூடாதுன்னு கோர்ட் யோசிச்சிருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்ப்பு. ஆனா மாட வீதிப் பூக்காரம்மா இதுக்காக ஹைகோர்ட் வரைக்கும் போகணுமாங்கற கேள்வி அப்படியே நிக்குது.

முக்கியமா ஒண்ணு. கை கால் விழுந்தாலும் நினைவு தெளிவா இருக்கிற நோயாளிகள் நிறைய. அவங்க கைநாட்டு செல்லும். கை விரல் முடியலைன்னா கால் விரல் ரேகைகூடப் போதும். ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பொறுப்பான பேங்க் அதிகாரியா இருக்கணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. மேனேஜர்கிட்ட அதைச் சொல்லிக் கேளுங்க. நினைவு தெளிவா இருக்குன்னு நாங்க சர்டிபிகேட் தர்றோம்.

வசூலுக்கு வர்றவங்க விஷயம்: ரிசர்வ் வங்கி கட்டுப்பாட்டுல இருக்கிற நிறுவனத்தோட ஏஜென்ட் காலை 8-க்கு முன்னாடியும் ராத்திரி 7-க்கு அப்புறமும் போன் பண்ணக் கூடாது (2022 உத்தரவு). கந்து வட்டிக்கு நம்ம மாநிலத்துல 2003-லேர்ந்து தனித் தடைச் சட்டமே இருக்கு.

கடைசியா நம்ம மாகாணம் முந்திக்கிட்ட ஒரு கதை. 1874 திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி, மனைவி, பிள்ளைகள் பேர்ல கணவன் எடுக்கிற ஆயுள் காப்பீட்டுப் பணத்துல அவரோட கடன்காரர் கை வைக்க முடியாது. இது இந்துக்களுக்கும் பொருந்துமான்னு ரொம்ப நாள் சண்டை. 1923-ல திருத்தம் வந்தப்போ மத்த இடத்துக்கெல்லாம் 1923 ஏப்ரல் 1-க்கு அப்புறம் எடுத்த பாலிசிக்குத்தான்னாங்க. சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்கு அப்புறம் எடுத்ததுக்கே உண்டு. நூறு வருஷம் தாண்டியும் அந்தச் சட்டம் அப்படியே இருக்கு. பாலிசி எடுக்கறப்பவே அந்தச் சட்டத்துக்குக் கீழே வேணும்னு கேக்கணும், அவ்வளவுதான். ஏஜென்ட் தானாச் சொல்ல மாட்டார்.