மளிகைக் கடையும் நியாய விலைக் கடையும்: தமிழகக் குடும்பங்களின் உணவுப்பொருள் அணுகல், 1904–2023

ஒரு குடும்பத்துக்கு உணவுப்பொருள் எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதை அளக்கப் புகுவோர் வீட்டுக்கும் கடைக்கும் உள்ள தூரத்தையே முதலில் கணக்கிடுகிறார்கள். தமிழகத்துக்கு இந்த அளவுகோல் போதாது. தெருமுனையில் மளிகைக் கடையும் வாரம் ஒரு சந்தையும் இங்கே நெடுங்காலமாக உண்டு. கடைக்காரர் சொன்ன விலையும் போட்ட எடையும் பிடிக்காவிட்டால் வேறிடம் போகும் வசதிதான் ஏழைக் குடும்பங்களுக்கு இல்லை. கடைகளின் எண்ணிக்கை பெருகியதைவிட, லாபத்தை நோக்காத ஒரு விற்பனையாளர் சந்தைக்குள் நிலையாக வந்து நின்றதே அவர்கள் நிலையை மாற்றியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மளிகைக் கடையின் பிடி கடனில் இருந்தது. நாள்கூலியில் வாழும் குடும்பத்தால் மாதச் சாமானை மொத்தமாக வாங்க முடியாது. அன்றைய கூலிக்கு ஆழாக்கு எண்ணெய், ஒரு பொட்டலம் பருப்பு, கொஞ்சம் மிளகாய், புளி. வேலை இல்லாத நாளில் அதே சாமான் பற்று நோட்டில் ஏறும். கூலி வந்ததும் பாக்கியில் ஒரு பகுதி அடையும், மீதி அடுத்த பக்கத்துக்குப் போகும். பாக்கி நிற்கும்வரை அடுத்த தெருக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவது முகமுறிவில் முடியும். அரிசியில் கல் கிடந்தாலும் எடை குறைந்தாலும் வாய் திறக்க முடியாது. வேறு யாரும் கடன் தராத வீட்டில் உலை கொதித்தது அந்தக் கடைக்காரரால்தான் என்பதும் உண்மை. அவருடைய தனிப்பட்ட குணத்தைக் குறை சொல்வதில் பயனில்லை; ஒரே விற்பனையாளரை நம்பியிருக்க வேண்டிய நிலையே குறை.

இந்நிலைக்கு மாற்றுத் தேடிய முதல் பெரும் முயற்சி 1904-இல் சென்னையில் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844-இல் காட்டிய வழியில், வாங்குபவர்களே உரிமையாளர்களாக இருந்து நல்ல சரக்கைச் சரியான எடையில் விற்றுக்கொள்வது அதன் நோக்கம். இந்தியாவின் நுகர்வோர் கூட்டுறவுக்கே அது முன்னோடி. ஆனால் பங்குத் தொகை கட்டி உறுப்பினராவது மாதச் சம்பளக்காரருக்கே எளிது. லாபமின்றிச் சில்லறை வணிகம் நடத்த முடியும் என்று அது மெய்ப்பித்தது; கூலிக்காரர் வீட்டை எட்ட அந்த வடிவம் மட்டும் போதவில்லை.

அந்த எல்லையை உடைத்தது பஞ்ச காலம். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. 1943-இல் சென்னை நகரில் பங்கீடு வந்தது. அன்று அதன் நோக்கம் பற்றாக்குறையைப் பகிர்வது. எனவே 1952-இல் ராஜாஜி அரசு கட்டுப்பாட்டை நீக்கியபோது வரவேற்பும் இருந்தது. அறுபதுகளின் நடுவில் அரிசிப் பஞ்சம் திரும்பி வந்தது. உணவுதானியக் கொள்முதலுக்காக மத்திய அரசு அமைத்த இந்திய உணவுக் கழகம் 1965-இல் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. 1967 தேர்தலில் அரிசி விலையே மேடைப் பேச்சானது. ஆட்சிக்கு வந்த தி.மு.க. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கத் தொடங்கியது. பொருள்களைக் கொள்முதல் செய்து கடைகளுக்கு அனுப்ப 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாயிற்று. நியாய விலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்தின. பங்கிட்டுக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இவ்வாறு குடும்பத்தின் உரிமையாக மாறியது. திருவல்லிக்கேணி காட்டிய வடிவத்துக்கு அரசின் கொள்முதலும் மானியமும் துணை சேர்ந்தன.

1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் எனப் பிரித்து வழங்கும் முறையைக் கொண்டுவந்தபோதும் தமிழகம் அனைவருக்குமான விநியோகத்தைக் கைவிடவில்லை. 2007-இல் துவரம்பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2008-இல் கிலோ ஒரு ரூபாயான அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியானது. இன்று 34,000-க்கும் மேற்பட்ட கடைகள் இயங்குகின்றன. குடும்ப அட்டையை விற்பனைக் கருவியில் பதிந்து பொருள் போட்டதும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாங்காத சர்க்கரை கணக்கில் ஏறியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கே தெரிந்துவிடும். கடைக்காரர் மட்டும் எழுதிய பற்று நோட்டில் இல்லாத வாய்ப்பு இது.

வசதியுள்ளவர்களுக்கும் கொடுப்பது வீண் என்பது முதல் மறுப்பு. வருமானத்தை வைத்துப் பிரிக்கும் எந்தப் பட்டியலிலும் முதலில் விடுபடுவது காகிதம் காட்ட முடியாத கூலிக்காரரும் தனித்து வாழும் முதிய பெண்ணும்தான். வேண்டாதவர் அரிசிக்குப் பதில் சர்க்கரை அட்டை பெறலாம். பொருளே வாங்காத அட்டையும் உண்டு. தகுதியற்றவரைத் தேடி விலக்குவதைவிட விரும்பாதவர் விலக வழி வைப்பது மேல். ரேஷன் அரிசி மாநில எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது என்ற குற்றச்சாட்டு மெய்யே. அதைத் தடுக்கக் கிடங்கிலும் போக்குவரத்திலும் கண்காணிப்பு வேண்டும். கடத்தலுக்காக அட்டையைக் குறைத்தால் தண்டனை விழுவது சாப்பிடுபவர் தலையில்.

கைப்பேசியில் தட்டினால் சில நிமிடத்தில் சாமான் வாசலுக்கு வரும் காலத்தில் இந்தக் கடைகள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. அந்தச் சேவை லாபம் உள்ள பகுதிக்கே போகும். மலைக்கிராமத்துக்கும் பத்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்கும் வீட்டுக்கும் அது வருவதில்லை. இன்னொரு மறுப்பை மறுக்காமல் ஏற்க வேண்டும்: அரிசி வயிற்றை நிரப்பும், உடலுக்கு அது மட்டும் போதாது. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை காய்கறிக்கு ஒரு விடை. அடையாள அட்டை பெற்ற உழவர்கள், தினமும் காலையில் எழுதிப்போடும் விலையில் தாங்களே விற்கிறார்கள். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் இரண்டு கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு தரத் தொடங்கியது மற்றொரு விடை.

கடை திறந்திருக்கும் நேரத்தில் வரிசையில் நின்றால் கூலி போகிறது என்ற குறை இன்னும் தீரவில்லை. பருப்பும் எண்ணெயும் மாதத் தொடக்கத்திலேயே முழுமையாக இருப்பில் இருக்க வேண்டும், கூலி வேலை முடிந்து வருவோருக்காக மாலையில் கூடுதல் நேரம் கடை திறக்க வேண்டும், கேழ்வரகு எல்லா மாவட்டங்களுக்கும் செல்ல வேண்டும். அனைவருக்குமான விநியோகத்தைச் சுருக்கச் சொல்லும் யோசனைகளைத் தமிழகம் ஏற்கக் கூடாது. அட்டை பறிபோகும் குடும்பம் திரும்பப் போய் நிற்கக்கூடிய இடம் பற்று நோட்டு ஒன்றுதான்.