பாலர் நாடக சபைகள்

பாலர் நாடக சபைகள்: சிறுவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து, உணவும் உடையும் கொடுத்து, பாட்டு, ஆட்டம், வசனம், நடிப்பு ஆகியவற்றைக் கற்பித்து, அவர்களைக் கொண்டே முழு நாடகங்களையும் நடத்திய தொழில்முறைக் குழுக்கள். மக்கள் இவற்றைப் ‘பாய்ஸ் கம்பெனி’ என்றே அழைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், மதுரையை மையமாகக் கொண்டு தமிழகமெங்கும் இவை செழித்தன. ஏழைக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் சாதி வட்டத்துக்கு வெளியே முறையாக இசையும் நடிப்பும் பயில அன்று இருந்த வாயில்கள் மிகச் சில. அவற்றுள் பெரியது இதுவே.

இசைவேளாளர் குடும்பங்களிலும் தெருக்கூத்துக் குழுக்களிலும் பிள்ளைகள் பெரியவர்களோடு இருந்தே கலையைப் பிடித்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் வந்து போன பின்பு, படுதாவும் சீன்களும் டிக்கெட்டும் கொண்ட மேடை நாடகம் தமிழிலும் வேரூன்றியது. இந்தப் புதிய மேடைக்காகச் சிறுவர்களைத் தனியே பயிற்றும் குழுக்களாகவே பாலர் சபைகள் தோன்றின.

முதல் பாலர் சபையைத் தொடங்கியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜெகந்நாத ஐயரின் மதுரை பால மீன ரஞ்சனி சங்கீத சபையை முதன்மைப்படுத்துவோர் உளர். சங்கரதாஸ் சுவாமிகள் ஏறத்தாழ 1910இல் அமைத்த சமரச சன்மார்க்க நாடக சபையில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா போன்ற சிறுவர்கள் பயிற்சி பெற்றதைக் கொண்டு அதையே தொடக்கமாகக் கொள்வோரும் உளர். எப்படியாயினும், பாலர் சபைக்கு ஒரு கல்விமுறையின் உருவத்தைக் கொடுத்தவர் சுவாமிகள் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்துவிட்டு, இருபத்து நான்கு வயதளவில் நாடகத்துக்கு வந்தார். எமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன் போன்ற உக்கிர வேடங்களில் புகழ் பெற்றார். வேடம் கலைக்காமல் அதிகாலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு கர்ப்பிணி ஒருத்தி அதிர்ந்துபோனதாகவும், அன்றோடு அவர் அரிதாரம் பூசுவதைக் கைவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. அன்று பூண்டிருந்தது எந்த வேடம் என்பது சொல்வோருக்குச் சொல்வோர் மாறுகிறது. அவர் இயற்றிய நாடகங்கள் சுமார் 40 என்பாரும், 60ஐத் தாண்டும் என்பாரும் உண்டு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, அபிமன்யு சுந்தரி ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை.

பெரியவர்களை விட்டு அவர் சிறுவர்களிடம் வந்ததற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அன்றைய நடிகர்களின் கட்டுப்பாடின்மை. ‘ஸ்பெஷல் நாடக’ முறையில் ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி நேரே மேடைக்கு வருவார். எழுதிய வசனத்தை விட்டுவிட்டுத் தர்க்கப் பாட்டில் எதிராளியை மடக்குவதே திறமையாயிற்று. ஆசிரியரின் பாடலை அப்படியே பாடவும், கதையைக் கதையாகவே நடத்தவும் சிறுவர்கள் வேண்டியிருந்தனர். சம்பளக் கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுப்பது குறைவு; அதுவும் பெற்றோர் கைக்கே போயிற்று.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. சுவாமிகள் அதன் ஆசிரியரானார். பாலர் சபைகளுள் மிக விரிவாகப் பதிவானது இதுவே. அதற்குக் காரணம் ஒரு மாணவர். ஆறு வயதில் அங்கே சேர்ந்த டி.கே. சண்முகம் (1912–1973), பிற்காலத்தில் ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலில் அந்த நாட்களை விரித்து எழுதினார். நூல் 1972இல் வெளிவந்தது. பாலர் சபையின் உள்வாழ்க்கை பற்றி இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி அந்த நூலின் வழி வந்ததே. சண்முகத்தின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகர்; பெண் வேடமான ஸ்திரீபார்ட் ஏற்றவர். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்ற நான்கு பிள்ளைகளும் நாடகத்திலேயே வளர்ந்து, பின்னர் ‘டி.கே.எஸ். சகோதரர்கள்’ எனப் பெயர் பெற்றனர்.

பிள்ளைகள் அனைவரும் ‘கம்பெனி வீட்டில்’ ஒன்றாகத் தங்கினர். ஊர் ஊராகக் கம்பெனி நகரும்போது வீடும் கூடவே நகர்ந்தது. கற்பித்தல் முழுதும் வாய்வழி. வாத்தியார் ஓர் அடியைச் சொல்வார்; ஹார்மோனியத்தின் சுருதியில் பையன் திருப்பிச் சொல்வான்; ராகமும் தாளமும் பாட்டோடு சேர்ந்தே வந்தன. பொருள் விளங்குமுன் வெண்பாவும் விருத்தமும் நாக்கில் ஏறிவிடும். சுவாமிகள் யாப்பில் வல்லவர் என்பதால், எழுதப் படிக்க நன்றாகத் தெரியாத பையனும் சீர் பிரித்து, எதுகை விழும் இடத்தில் அழுத்தம் கொடுத்துப் பாடக் கற்றான். அடுத்தவன் பாடத்தைக் காதால் கேட்டுக் கேட்டே ஒரு பையனுக்கு முழு நாடகமும் மனப்பாடமாகிவிடும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அந்த வேடத்தைத் தாங்க முடிந்தது இதனால்தான்.

வேடப் பங்கீடு குரலையும் தோற்றத்தையும் பொறுத்தது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (கள்வன்), பபூன் (கோமாளி) என்பன முக்கியப் பிரிவுகள். ஸ்திரீபார்ட் ஏற்ற சிறுவன் சேலை கட்டு, நடை, தலை சாய்ப்பு, கைவிரல் அசைவு என ஒவ்வொன்றையும் தனியே பயில வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாட வேண்டும். இரவில் தொடங்கிய நாடகம் விடியும் வரை நீளும். இத்தனையும் சிறுவர் குரல்கள் செய்தன என்பது இன்று நினைத்தாலும் மலைப்பூட்டுகிறது.

அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் சிறுவன் சண்முகத்தை மனத்தில் வைத்து, பாடலும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்ற செய்தி புகழ்பெற்றது. ஒரு குழந்தையின் குரல் எவ்வளவு தாங்கும், மூச்சு எங்கே முடியும் என்று அறிந்த ஆசிரியர் அக்குழந்தைக்கென்றே ஒரு நாடகம் செய்த நிகழ்ச்சியாக இதைக் காணலாம். கடைசிக் காலத்தில் சுவாமிகள் பக்கவாதத்தால் தாக்குண்டார். ஆயினும் சபையை விட்டு நீங்கவில்லை. 1922 நவம்பரில் புதுச்சேரியில் மறைந்தார். அங்கே கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி உள்ளது.

பாலர் சபையின் பெரிய அச்சம் ‘மகரக்கட்டு’. பருவ வயதில் ஆண் குரல் உடைவதை நாடகக்காரர் இப்படிக் குறித்தனர். நேற்று வரை நாயகியாகப் பாடியவன் இன்று வாய் திறக்க முடியாமல் நிற்பான். சிலர் குரல் தெளிந்து ராஜபார்ட்டுக்கு மாறினர். சிலர் வசனமும் நகைச்சுவையும் கைகொடுக்கப் பிழைத்தனர். பாட்டு இல்லாத பாத்திரங்களில் அழுத்தமாக நடிக்கும் திறன் தமிழ் மேடையில் வளர்ந்ததற்கு மகரக்கட்டும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. ஊருக்குத் திரும்பியவர்களைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை. நினைவுக் குறிப்புகள் எழுதியவர்கள் எல்லாம் வென்றவர்கள்.

மீனலோசனியை விட்டு விலகிய டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினர். நாகர்கோவில் கொட்டகையில் சிற்றாள் வேலை பார்த்த என்.எஸ். கிருஷ்ணன் இதில் சேர்ந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி. ராமச்சந்திரனும் அவர் அண்ணன் சக்கரபாணியும் வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே சேர்க்கப்பட்டனர். பி.யு. சின்னப்பா, காளி என். ரத்தினம் ஆகியோரும் அங்கே இருந்தனர். அக்காலத்தில் எம். கந்தசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள் போன்ற நாவல்களை நாடகமாக்கிச் சிறுவர்களுக்கு இயல்பான பேச்சு நடிப்பைப் பயிற்றினார். நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபாவில் எம்.என். நம்பியார் பயின்றார். ஜெகந்நாத ஐயர் கம்பெனியில் எம்.ஆர். ராதா வளர்ந்தார். ஏழு வயதளவில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு வீட்டை விட்டுப் போன சிவாஜி கணேசன், தான் அநாதை என்று சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்ததாகவும், சீதை வேடமே தம் முதல் வேடம் என்றும் கூறியிருக்கிறார்.

இச்சபைகளில் பெண் குழந்தைகளுக்கு இடமில்லை. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக மேடையேறியது வேறு வகைக் கம்பெனியில்.

தேசிய இயக்கக் காலத்தில் சிறுவர் குரல்கள் அரசியலுக்கும் பயன்பட்டன. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’ நாடகம் பெயர் பெற்றது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் ‘தேசபக்தி’ என்ற பெயரில் நடத்தினர்.

பாலர் சபை தந்த கல்வியை எப்படி மதிப்பிடுவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பயின்றவர்களில் பலர் இதைக் குருகுலம் என்றே போற்றினர். அதே மனிதர்களின் நினைவுகளில் அடியும், தூக்கமின்மையும், வீட்டு ஏக்கமும் இடம்பெறுகின்றன. பள்ளிப் படிப்பு பெரும்பாலோர்க்குக் கிடைக்கவில்லை. இரண்டு கூற்றும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

1931இல் பேசும் படம் வந்த பின் கம்பெனிகளின் நல்ல நடிகர்கள் ஒவ்வொருவராகத் திரைக்குப் போயினர். 1935இல் டி.கே.எஸ். குழுவின் ‘மேனகா’வும், 1936இல் எம்.ஜி.ஆரும் என்.எஸ். கிருஷ்ணனும் நடித்த ‘சதி லீலாவதி’யும் படங்களாக வந்தன. பையன்கள் பெரியவர்களானபோது சபைகளும் பெரியவர்களின் குழுக்களாயின. 1942இல் மேடையேறிய ‘ஔவையார்’ நாடகத்தில் மூதாட்டி வேடமேற்ற சண்முகம் ‘ஔவை சண்முகம்’ ஆனார். 1960களில் இக்குழு நடத்திய ‘அப்பாவின் ஆசை’ என்ற சிறுவர் நாடகத்தில் கமல்ஹாசன் நடித்தார்.

அதன் பின்னர் சிறுவர் நாடகம் தங்கிப் பயிலும் கம்பெனி வடிவில் திரும்பவில்லை; வேறு வடிவங்களில் தொடர்ந்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கென ‘கூடி விளையாடு பாப்பா’ முதலிய நாடகங்களை எழுதினார். புதுச்சேரியில் வேலு சரவணனின் ‘ஆழி’ குழு குழந்தைகளுக்கான நாடகங்களை நடத்தி வருகிறது.