பித்தம் சொன்ன சாட்சி

தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தெரியாத வடசென்னைக்காரர் உண்டா? வாந்திபேதி முற்றினால் அங்கேதான் கொண்டுபோவார்கள். நம்மில் பலருக்கு அதன் மதிலோடு பஸ்ஸில் போன பழக்கம் மட்டும்தான். இன்ஜினியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், ரசாயனம் எனக்கும் கொஞ்சம் சொந்தம்.

வந்திருப்பது காலராதானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அங்கேதான் பித்த உப்பு வருகிறது. நம் ஈரலில் ஊறி, சோப்பு மாதிரி கொழுப்பைக் கரைக்கிறதே, அதேதான். தோலிலும் தூசியிலும் இருக்கும் பல கிருமிகள் அதில் தலையெடுக்காது. குடலில் குடித்தனம் நடத்துபவை தாங்கிக்கொள்ளும். லிவர்பூலில் மெக்கான்கி என்பவர் 1900-களின் தொடக்கத்திலேயே இதைப் பிடித்துக்கொண்டு, பித்த உப்பு சேர்த்த கல்ச்சர் தயாரித்தார். குடிநீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று பார்க்கவும் அது உதவியது.

காலராவுக்குத் தனியாக டி.சி.பி.எஸ். என்றொரு கல்ச்சர் உண்டு. அந்த 'பி' பித்தம்தான். பச்சைத் தட்டில் காலராக் கிருமி மஞ்சளாக முளைக்கும். இன்னொரு சோதனை வேடிக்கையானது. 0.5 சதவீத டிஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்புக் கரைசலில் கிருமியைக் குழைத்துக் கம்பியால் தூக்கினால், பாகு பதம் பார்ப்பது போல நூல் நூலாக வரும்! கிருமி உடைந்து உள்ளேயிருந்த டி.என்.ஏ. வெளியே வந்துவிடுகிறது, அதுதான் நூல்.

1992 அக்டோபரில் மெட்ராஸில் இந்த நம்பிக்கைக்கு ஒரு சோதனை வந்தது. நோயாளிகளிடம் கிடைத்த கிருமி, பித்தத் தட்டின்படி காலராக் கிருமி. ஆனால் ஓ1 சீரத்தை விட்டால் திரளவில்லை. கொள்ளைநோயாகப் பரவுவது ஓ1 மட்டுமே என்பது அன்றைய பாடம். சீரத்தை மட்டும் நம்பியிருந்தால், "காலரா இல்லை" என்று எழுதி ஃபைலை மூடியிருக்கலாம். ஆனால் நோயோ அசல் காலரா. சில மாதங்களில் கல்கத்தாவையும் பங்களாதேஷையும் பிடித்துக்கொண்டது. ஓ1 காலராவைப் பார்த்துப் பழகிய உடம்புக்கும் இதனிடம் காப்பு இல்லை, பெரியவர்களும் படுத்தார்கள்.

அதுவரை தெரிந்திருந்த வகைகள் 138. ஆகவே 1993-ல் இதற்கு ஓ139 வங்காளம் என்று பெயர் வைத்தார்கள். கண்டது மெட்ராஸில், பேர் வங்காளத்துக்கா என்று எனக்கும் முதலில் கோபம்தான். பிறகுதான் புரிந்தது, அவர்கள் சொன்னது வங்காள விரிகுடாவை. காசிமேட்டில் அலையடிப்பதும் அதுதானே.